மாட்டுக்கு ஹார்மோன் மருந்து: குளிசையா, ஊசியா, உள்ள வைக்கிறதா?

தம்பலகாமத்தில மாடு வச்சிருக்கிற மச்சான் ஒருத்தன் போன கிழமை கோல் எடுத்து, "மாடு சினைக்குக் கத்துதே இல்லடா, பார்மசியில மனுசருக்குக் குடுக்கிற புரொஜெஸ்டரோன் குளிசை, அதுதான் சினையைத் தாங்கிற ஹார்மோன், இருக்குத்தானே, தவிட்டில கலந்து குடுத்தா என்ன" எண்டு கேட்டான். வேண்டாம் எண்டு சொல்ல ஒரு செக்கன், ஏனெண்டு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம்.

முதல்ல ஈரலைப் பாருங்கோ. வாயால போற மருந்து குடலால உறிஞ்சுப்பட்டு நேர ஈரலுக்குத்தான் போகும், அதைத் தாண்டினாத்தான் மற்ற உடம்புக்கு. புரொஜெஸ்டரோன் மாதிரி இயற்கை ஸ்டீரோய்டை ஈரல் விடாது, உருமாத்தி, தண்ணியில கரையிற மாதிரி ஆக்கி, பித்தத்தாலயும் மூத்திரத்தாலயும் வெளிய தள்ளிப்போடும். அப்ப குளிசையில எவ்வளவு இருக்கெண்டதில்ல கதை, ரத்தத்தில எவ்வளவு மிஞ்சுது எண்டதுதான். அமெரிக்காவில கிடாரிக்கு மெலஞ்செஸ்ட்ரோல் எண்ட, புரொஜெஸ்டரோன் மாதிரி வேலை செய்யிற சாமானை நாளுக்கு 0.5 மில்லிகிராம் தீனியில குடுக்கிறாங்கள்தான், ஆனா அது ஈரல் லேசில உடைக்கேலாத மாதிரி மூலக்கூறையே மாத்திச் செய்தது.

அதாலதான் மாட்டைச் சினைக்கு வரப்பண்ண டொக்டர்மார் சிடர் (CIDR) வைக்கிறது. இங்கிலீசு T எழுத்து மாதிரி சிலிக்கோன் சாமான், ஒரு வகையில 1.38 கிராம் புரொஜெஸ்டரோன் இருக்கும், பெண்ணுறுப்புக்குள்ள வச்சு பெரும்பாலும் 7 நாள் விடுறது. அங்க இருந்து போற ரத்தம் ஈரல் பக்கம் முதல்ல போகாது, அதால கொஞ்சம் கொஞ்சமா ஊறினாலும் காணும். வைக்கிறதையும் எடுக்கிறதையும் கையுறை போட்டுத்தான் செய்யோணும், ஏனெண்டா தோலாலயும் ஏறும், பிள்ளைத்தாச்சி தொடவே கூடாது. எடுத்த பிறகும் அதில மருந்து மிச்சம் இருக்கும், பட்டிக்குள்ள எறியாதீங்கோ.

ஊசியும் ஈரலை நேர சந்திக்காது, ஆனா எண்ணெய்யில கரைச்ச வெறும் புரொஜெஸ்டரோன் கெதியா முடியும். எஸ்ட்ராடியோல் எண்ட மற்ற பெண் ஹார்மோன் ஊசியில பென்சோயேட் வகையை விட சிப்பியோனேட் வகை கனநாள் நிக்கும், அது ஹார்மோனோட ஒட்டியிருக்கிற எஸ்டர் எண்ட வால் செய்யிற வேலை, அதால ஊசிப் பெயரை முழுசா வாசியுங்கோ. இன்னொண்டு, கனக்கத் தின்னுற கறவை மாட்டில ஈரலுக்கு ரத்தம் கூட ஓடும், அங்க ஊசியோ சிடரோ, ஹார்மோன் கெதியாத் தேயும், மெலிஞ்ச மாட்டு அளவை வச்சுக் கணக்குப் போடேலாது.

குதிரையில வேற கூத்து. பிரெட்னிசோன் எண்ட, வீக்கம் குறைக்கிற ஸ்டீரோய்டுக் குளிசை ஒழுங்கா வேலை செய்யாது, ஈரல் மாத்தித் தரவேண்டிய பிரெட்னிசோலோனைத்தான் நேரா குடுக்கோணும்.

எதுக்கும் முதல்ல சினை பாருங்கோ. சிடரோட போடுற புரொஸ்டகிளாண்டின் எண்ட இன்னொரு ஹார்மோன் ஊசி சினை மாட்டுக்குப் போனா கரு கலையும். மச்சான் டொக்டரைக் கூட்டி வந்து பார்த்தானாம், மாடு மூணு மாசச் சினை, அதுதான் கத்தல்ல.