பிள்ளையைத் தினமும் நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்புவது எப்படி? எங்கள் வீட்டில் பலித்த முறை

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி திறந்த ஜூனிலிருந்து தீபாவளி வரைக்கும் 14 நாள் லீவு போட்டிருக்கிறான் என்று டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அதில் காய்ச்சல் நாலு நாள்தான். மற்றதெல்லாம் "லேட்டாயிடுச்சு, இன்னைக்கு விடு" என்று நானே சொன்ன நாட்கள். அதன்பிறகு இரண்டு மாதம் பாடுபட்டுச் சரிசெய்தோம். என்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை, எண்ணுவது. இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். தினசரி கிழிக்கிற காலண்டரும் சரிவராது, கிழித்த தாளோடு கணக்கும் போய்விடும். மாதக் காலண்டர் ஒன்றை, பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள். நேரத்துக்குப் போன நாளுக்கு நீலத்தில் ஒரு டிக். தாமதமென்றால் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். போகாத நாளுக்குச் சிவப்பில் காரணம், ஒரே வார்த்தையில். இரண்டு வாரத்துக்கு யாரையும் திட்டாமல் எழுதிக்கொண்டே வாருங்கள்.

மாதம் இரண்டு நாள் லீவு என்றால் பெரிதாகத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலை நாட்கள் என்கிறது. மாதம் இரண்டு என்று பத்து மாதம் போனால் 20 நாள், அதாவது பத்தில் ஒரு பங்கு பாடம். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை நடத்திய இரண்டு நாளும் இவன் வீட்டில் இருந்தான். அதைப் பிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

அடுத்தது, மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. எங்கள் பள்ளியில் முதல் மணி 9:10. வாசலில் 8:55-க்கு நிற்க வேண்டும். நடை 15 நிமிடம், வழியில் ரயில்வே கேட் இருப்பதால் இன்னொரு 5 நிமிடம். ஆக, 8:35-க்குச் செருப்பு மாட்டியாக வேண்டும். சாப்பிட 20 நிமிடம், குளித்து உடுத்த அரை மணி நேரம், எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கக் கால் மணி நேரம். இந்தக் கடைசிக் கால் மணியைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள், எந்தப் பிள்ளையும் கண் விழித்ததும் ஓடாது. எழ வேண்டிய நேரம் 7:30 என்று வந்தது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அப்படியானால் இரவு 9:30-க்குள் படுத்தாக வேண்டும். இவன் படுத்தது பத்தே முக்காலுக்கு. ஒரே நாளில் மாற்ற முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே இழுங்கள்.

முள் வைத்த சுவர்க்கடிகாரம் வாங்குங்கள். போன் அலாரம் எழுப்பும், அவ்வளவுதான். இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க முள் கடிகாரம்தான் வேண்டும். 8:35-க்கு நேராக ஒரு பொட்டு ஒட்டினோம். பெரிய முள் பொட்டைத் தொட்டால் கிளம்ப வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துவது பாதியாகக் குறைந்தது.

பை, பெல்ட், சாக்ஸ், டைரியில் கையெழுத்து எல்லாம் முந்தின இரவே. இதை எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு செய்தும் வாரத்தில் ஒரு நாள் வயிற்றுவலி வந்தது. மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். நடிக்கிறான் என்று நினைத்து அதட்டி அனுப்பினேன். ஒரு நாள் வாசலிலேயே வாந்தி எடுத்தான். அன்று இரவு காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். வயிற்றுவலி என்று எழுதியிருந்த நாளெல்லாம் நாங்கள் கிளம்பத் தாமதமான நாட்கள். வலியால் தாமதமாகவில்லை, தாமதமானதால் வலி வந்திருக்கிறது. முள் பொட்டைத் தாண்டியதும் முகம் மாறும், பிறகு வயிற்றைப் பிடிப்பான்.

"ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. காலையில் கேட்கவே கேட்காதீர்கள். நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, அவனும் கூட உட்கார்ந்து உரிக்கையில், "ஸ்கூல்ல எந்த நேரம் உனக்குப் பிடிக்காது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தான். அப்புறம், "பிரேயர் முடியற வரைக்கும் லேட்டா வந்தவங்க முன்னாடி நிக்கணும். எல்லாரும் பாப்பாங்க" என்றான். அவ்வளவு பேர் முன்னால் நிற்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வலி பொய்யில்லை. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும்.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் டீச்சரைத் தனியாகப் பார்த்தேன். காலையில் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குறை சொல்லாமல் இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன். தாமதமானால் நேரே வகுப்புக்குப் போகவிடுங்கள், காரணத்தை என்னிடம் கேளுங்கள். காலையில் இவனுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். கரும்பலகையில் தேதி எழுதுகிற வேலையைக் கொடுத்தார். மறுவாரம் ஒரு நாள் 8:20-க்கே, "கிளம்பலாம்மா, தேதி எழுதணும்" என்று வாசலில் நின்றான்.

வீட்டிலும் ஒரு விதி வைத்தோம்: லேட்டானாலும் போக வேண்டும். பத்தரை மணியானாலும் சரி. ஒரு தாமதத்தை லீவாக மாற்றினால் அடுத்த தாமதமும் தானாக லீவாகிவிடும். உண்மையாகவே உடம்பு சரியில்லாத நாளில் படுத்து ஓய்வெடுக்கட்டும். டிவி, போன் கிடையாது.

காசோ சாக்லேட்டோ கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் கூட லீவு போடாதவருக்குப் பரிசு என்பதும் அப்படித்தான், காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பத் தூண்டும்.

பிற்சேர்க்கை: விடியற்காலையிலேயே மில்லுக்குப் போகிற ஒரு அம்மா, காலைச் சமையலால்தான் தாமதம் என்று எழுதியிருந்தார். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சுடச்சுடக் கிடைக்கும். உணவு வகுப்புக்கு முன்பே என்பதால் பிள்ளையும் மணிக்கு முன்பே பள்ளியில் இருக்கும். வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

எட்டாம் வகுப்புப் பையன் இரவில் போனோடு படுக்கிறான் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள். அப்பா, அம்மா போனும் அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அவன் கேட்கமாட்டான்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு எல்லாம் கலைந்துவிடுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் பொங்கல் லீவில் அதுதான் நடந்தது. திறப்பதற்கு நான்கு நாள் முன்பே படுக்கும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக முன்னே இழுக்கத் தொடங்குங்கள். அந்த நாட்களில் காலையில் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள்.