முகாம் ட்ரெய்லரின் துணிச் சாய்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ சிறிய முகாம் ட்ரெய்லரை நிறுத்தி, அதன் பக்கத்தில் துணிச் சாய்ப்பு, அதாவது நிழலுக்கான துணிக்கூரை, இறக்குபவர்கள் முதலில் யோசிப்பது அதைத் தாங்கும் கால்களைப் பற்றித்தான். தடித்த குழாயைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் கடற்கரையில் சாய்ப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அடியில் புகுந்து மேலே தூக்கும் காற்று. அதற்குத் தடித்த கால் ஒன்றும் செய்யாது, கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறே வேண்டும். 2 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் நீளமும் உள்ள துணியில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று நேராக மோதினால், ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமான விசை ஏற்படும். காற்றின் வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும்.

கடல் தெரிய வேண்டும் என்பதற்காக எந்த மாதத்திலும் கிழக்குப் பக்கமாகவே சாய்ப்பை இறக்குவது அடுத்த தவறு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று தரைப் பக்கத்திலிருந்து வருவதால் ட்ரெய்லரின் உடலே மறைப்பாக நிற்கும். பிற்பகலில் கடற்காற்று திரும்பும் நேரத்தில் மட்டும் கவனம் தேவை. வாடைக் காலத்திலோ காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து நேரே சாய்ப்பின் வாய்க்குள் புகும். அப்போது ட்ரெய்லரைத் திருப்பி நிறுத்துவதே நல்லது. காட்சி குறையும், தூக்கம் கெடாது.

கயிற்றைக் கட்டும் முளையை அடிப்பதில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். உன்னிச்சை, இங்கினியாகலைப் பக்கத்து இறுகிய மண்ணில் நன்றாகப் பிடிக்கும் இரும்பு முளை, கல்லடிக் கடற்கரை மணலில் இரண்டு முறை கயிறு அதிர்ந்தால் கையோடு வந்துவிடும். மணலில் முளையை மறந்துவிட்டு, வெற்று உரப்பையில் மணலை நிரப்பி, வாயை இறுக்கி, கயிற்றைப் பையின் நடுவில் கட்டி, முழங்கால் ஆழக் குழியில் படுக்கையாகப் புதைக்க வேண்டும். கயிறு சாய்வாக வெளியேறுவதற்கு ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை வெட்டிக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குழியின் விளிம்பு கயிற்றை நிமிர்த்திப் பையை மேலே இழுக்கும். மணலை மூடியபின் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினால் பிடி இன்னும் கூடும். இறுகிய மண்ணில் முளையின் தலை ட்ரெய்லருக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

கயிறும் ஒரேபோல் நடந்துகொள்வதில்லை. நைலோன் நனைந்தால் தளரும், பருத்தி நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கப் பார்க்கும். பொலியெஸ்டர் கயிறு இரண்டிலும் நிதானமானது.

தலை இடிக்கக் கூடாது என்று இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் நிறுத்தித் துணியை மட்டமாக விரிப்பவர்களுக்கு மழை பாடம் எடுக்கும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினாலே 50 கிலோ சேர்ந்துவிடும். துணி தொய்யத் தொய்ய இன்னும் அதிகம் தேங்கும். வெளிப்பக்கம் ட்ரெய்லர்ப் பக்கத்தை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், அதிலும் ஒரு மூலையை மேலும் தாழ்த்தினால் தண்ணீர் எங்கே விழும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

ட்ரெய்லரோடு பொருத்தும் இடத்தில் அவசரம் கூடாது. சுவரின் மெல்லிய அலுமினியத் தகட்டில் மட்டும் திருகாணி ஏற்றினால், காற்று இழுக்கும்போது துளை கிழிந்து, பின்னர் அதன் வழியே மழைநீர் உள்ளே இறங்கும். உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, அதில் ஏற்றி, துளையைச் சுற்றி நீர் புகாப் பசை வைக்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். சாய்ப்பை இறக்குமுன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ட்ரெய்லரின் தாங்குகால்களையும் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒருவர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர் அசைந்து துணியின் தையலை இழுக்கும்.

துணிக்குக் கீழே அடுப்பு மூட்டுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வேண்டாம்.

வெளியே போகும்போதும் வானம் கறுக்கும்போதும் சாய்ப்பைச் சுருட்டிவிடுவது சோம்பலுக்கு இடங்கொடுக்கக் கூடாத வேலை. ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால், மறுநாளே விரித்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணக் கறை விட்டுப் போகாது. உப்புப் படிவை நல்ல தண்ணீரால் மட்டும் கழுவினால் போதும். சலவைத் தூள் துணியின் நீர் புகாப் பூச்சைக் கெடுத்துவிடும்.