புது ஊரில் தன்னிறைவுப் பண்ணை: முதல் இரண்டு ஆண்டுகளுக்கான செய்முறை

நகரத்து வேலையை விட்டுவிட்டு, மின்கம்பி எட்டாத, மழையை மட்டும் நம்பிய ஒரு மானாவாரி நிலத்தில் சொந்த நெல், சொந்த எண்ணெய், சொந்த வெளிச்சத்தோடு வாழ முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற வானம் பார்த்த பூமியை மனதில் வைத்துத்தான் கணக்குகளைச் சொல்லியிருக்கிறேன். ஆற்றுப் பாசனப் பகுதிக்குக் கணக்கு மாறும்.

கிளம்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் சோலார் விலையை விசாரிக்கிறார்கள், அப்புறம் நிலம் தேடுகிறார்கள், கடைசியில்தான் ஊரைப் பார்க்கிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். ஊர், தண்ணீர், நிலம், மண், அதற்குப் பிறகு மின்சாரம். இந்த வரிசை சரியாக இருந்தால் பணம் குறைவாக இருந்தாலும் தாக்குப்பிடிக்கலாம்.

படி 1: வாங்காதீர்கள், முதலில் குடியேறுங்கள்

பிடித்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ஆடியிலிருந்து அடுத்த வைகாசி வரை இருந்து பாருங்கள். கார்த்திகையில் நிலம் பார்த்தால் எல்லா ஊரும் பச்சையாகத்தான் தெரியும். சித்திரை, வைகாசியில் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பாருங்கள். எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்தெந்த ஆழ்துளைக் கிணறு கைவிடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். மாடு மேய்க்கும் பெரியவர்கள் இதையெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். தரகர் சொல்ல மாட்டார்.

இந்த ஒரு வருடத்தில் ஊரும் உங்களைப் பார்க்கும். வீடு கேட்கும்போதே சாதியைக் கேட்பார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தெருவோ ஒரு ஓடையோ கோடாக நிற்கும். நீங்கள் யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதையும் கவனிப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாகப் பழகுவது என்று முதல் வாரத்திலேயே முடிவெடுத்து, அப்படியே நடந்துகொள்ளுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மாற்றவே முடியாது.

படி 2: பத்திரம்

பட்டா, சிட்டா, அடங்கல் (நிலம் யார் பெயரில், என்ன வகை, என்ன பயிர் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவுகள்), எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம், 30 ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று (நிலத்தின் மீதான விற்பனை, அடமானப் பதிவுகள்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரம்). இவை அனைத்தையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டா என்றால் பிரித்துத் தனிப்பட்டா ஆன பிறகு வாங்குவது நல்லது. சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக்கல் நட்ட பிறகே மீதிப் பணம்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இரண்டு விஷயங்கள். ஒன்று வண்டிப்பாதை. “காலங்காலமா இப்படித்தான் போறோம்” என்ற பேச்சு போதாது, பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்னொன்று கிணற்றுப் பங்கு. “கிணற்றில் நாலில் ஒரு பங்கு” என்று இருந்தால் மற்ற மூன்று பங்காளிகள் யார், முறைத்தண்ணீர் எப்படி விடுகிறார்கள், தூர்வாரும் செலவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று அவர்களிடமே நேரில் போய்க் கேளுங்கள். அந்த மூன்று பேரோடுதான் இனி உங்கள் வாழ்க்கை.

பஞ்சமி நிலத்தைத் தொடாதீர்கள். 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. செல்லும் என்று யாராவது வழி சொன்னாலும் வாங்கக் கூடாது. கோயில் நிலம், பூமிதான நிலம் (ஏழைகளுக்கென்று தானமாகத் தரப்பட்டது), புறம்போக்கு ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்? நான்கு பேர் குடும்பத்துக்கு 2 முதல் 2.5 ஏக்கர் போதும். அதற்கு மேல் வாங்கினால் பராமரிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். அந்தப் பணம் தண்ணீருக்குப் போகட்டும்.

படி 3: மழைநீரைத் தேக்குங்கள்

ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மி.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 36 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதில் எவ்வளவு உங்கள் வரப்பைத் தாண்டி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

முதல் வேலை வரப்பு. சரிவுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தில் போகும் சமமட்டக் கோட்டில் வரப்பை உயர்த்தி, மேல்பக்கம் வாய்க்கால் பறித்துவிடுங்கள். புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில் 1968இல் தொடங்கியபோது மண் அரித்துப்போன செம்மண் பொட்டலாக இருந்தது. இன்று அங்கே காடு நிற்கிறது என்றால் மரம் நட்டதோடு இந்த வரப்பு வேலையும் சேர்ந்துதான் காரணம்.

அடுத்து, தாழ்வான மூலையில் பண்ணைக் குட்டை. மேலே 60 அடி நீளம், 40 அடி அகலம், 5 அடி ஆழம், பக்கங்கள் சரிவு என்று வெட்டினால் சுமார் 2.7 லட்சம் லிட்டர் பிடிக்கும். செம்மண்ணில் முதல் வருடம் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அது வீண் இல்லை, கிணற்றுக்குத்தான் போகிறது. நிற்க வேண்டும் என்றால் அடியில் களிமண் பரப்பி மிதித்து இறுக்க வேண்டும். வட்டாட்சியர் அனுமதி பெற்று ஏரி வண்டல் எடுத்து வயலுக்கும் அடிக்கலாம். குட்டைக்கும் சோலார் பம்புக்கும் மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

குடிக்கக் கூரைத் தண்ணீர். 500 சதுர அடி ஓட்டுக்கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 33,000 லிட்டர் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் நான்கு பேருக்கும் சேர்த்து நாளைக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர்தான் தேவை. வெளிச்சம் புகாத 10,000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். பருவத்தின் முதல் மழையை விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள். வடிகட்டி, காய்ச்சிக் குடியுங்கள்.

படி 4: மண், அப்புறம் சாப்பாடு

முதல் விதைப்புப் பட்டத்தில் விளைச்சல் எதிர்பார்க்காதீர்கள். பலதானிய விதைப்பு செய்யுங்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் உரப் பயிர், மசாலாப் பயிர் என்று கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பாடம் இது. கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய ‘வானகம்’ பண்ணையில் பயிற்சியும் தருகிறார்கள். நிலம் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை போய் வாருங்கள்.

பிறகு உணவுக் கணக்கு. குடும்பத்துக்கு மாதம் 25 கிலோ தானியம் என்றால் ஆண்டுக்கு 300 கிலோ. அதில் பாதியை அரிசியாகவும் பாதியைக் கேழ்வரகாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோ அரிசிக்கு 230 கிலோ நெல் வேண்டும், தண்ணீர் உள்ள 25 சென்ட் (100 சென்ட் ஒரு ஏக்கர்) போதும். கேழ்வரகு மானாவாரியில் 30 சென்ட். சிறுதானியம் என்றதும் பலரும் வரகுக்குப் போகிறார்கள். வரகில் உமி நீக்குவது பெரும்பாடு, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். கேழ்வரகைத் தூற்றி நேரே மாவாக அரைக்கலாம். அதனால் புதியவர்களுக்குக் கேழ்வரகும் கம்பும்தான் என் பரிந்துரை. எண்ணெய்க்கு 25 சென்ட் நிலக்கடலை, அதில் ஊடுபயிராகத் துவரை. வீட்டை ஒட்டி 5 சென்ட் காய்கறி. எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கருக்குள் அடங்கிவிடுகிறது. மீதி மரம், தீவனம், குட்டை, வீடு.

விதையை ஊருக்குள்ளேயே கேளுங்கள். அந்த மண்ணுக்குப் பழகிய விதை எந்தக் கடையிலும் கிடைக்காது.

படி 5: மின்சாரம்

இது எளிது. நான்கு எல்இடி பல்பு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, போன், லேப்டாப், காலையில் கால் மணி நேரம் மிக்ஸி. எல்லாம் சேர்ந்து நாளைக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடியும். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் 4 யூனிட் தரும். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு போட்டால் 3.6 யூனிட் சேமிப்பு. லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 1.8 யூனிட் என்றுதான் கணக்கு. ஐப்பசி அடைமழையில் மிக்ஸியை நிறுத்தி அம்மியை எடுங்கள். பம்புக்குப் பேட்டரி வேண்டாம். பகலில் பேனலிலிருந்து நேராக ஓட்டி மேட்டுத் தொட்டியில் ஏற்றிக்கொண்டால் போதும்.

படி 6: மாடு, இரண்டாம் வருடம்

தீவனம் விளைந்த பிறகு மாடு வாங்குங்கள். சாண எரிவாயு 1 கன மீட்டருக்கு நாளைக்கு 25 கிலோ சாணம் தேவை. நான்கு பேர் சமையலுக்கு 2 கன மீட்டர் கலன் என்றால் நான்கைந்து மாடு. இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு கலன் கட்டினால் அடுப்பு பாதி நேரம்தான் எரியும். அதுவரை விறகு.

படி 7: ஊரோடு இருத்தல்

தனி வீடாக யாரும் தன்னிறைவு அடைய முடியாது. நெல் அரைக்க, செக்கு ஆட்ட, மாடு ஈனும் இரவில் கைகொடுக்க ஆள் வேண்டும். பக்கத்துக் களத்தில் கதிரடிப்பு நடந்தால் கூப்பிடாமலே போங்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பணம்) கேட்டால் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராமசபைக் கூட்டங்களுக்குப் போங்கள். முதல் வருடம் கேட்டுக்கொள்ள மட்டும். இயற்கை விவசாயம் பற்றி யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள், உங்கள் வயலைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்பார்கள்.

காட்டுப்பன்றி கடலையைத் தோண்டினால் மின்கம்பியிலிருந்து இழுத்து வேலி போடச் சொல்லும் ஆள் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். மனிதரையும் கொல்லும் வேலை அது, சட்டப்படியும் குற்றம். ஊரோடு சேர்ந்து முறை வைத்து இரவுக் காவல் இருங்கள்.

குடியேறும் அன்றே தெரிந்துகொள்ள வேண்டியது, பாம்புக்கடிக்கு நஞ்சு முறிவு மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது. இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தையும், இரவில் டிராக்டர் எடுக்கக்கூடிய இரண்டு பக்கத்துக்காரர்களின் எண்ணையும் வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.