இருவர் கயாக்: எளிதில் கவிழாத படகை வீட்டிலேயே வடிவமைப்பது எப்படி?

முதல் படகை வரைபவர்கள் பலரும் அழகான நீளக்கோட்டில் தொடங்கி, அகலத்தையும் இருக்கையையும் கடைசியில் பொருத்துவார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் எடை, பிறகு நீர்மட்ட அகலம், பிறகு இருக்கை உயரம். இந்த மூன்றையும் முடிவு செய்த பிறகே பென்சிலை எடுங்கள். ஏரி, காயல், அலையில்லாத கழிமுகம் போன்ற இடங்களில் பொழுதுபோக்காகத் துடுப்பு போடும் இருவருக்கான படகு இது. கடலலைக்கு ஏற்றதல்ல.

படி 1: எடைக் கணக்கு

ஆளுக்கு 75 கிலோ வீதம் 150, படகு 35, தண்ணீரும் சாப்பாடும் மற்றவையும் 15. மொத்தம் 200 கிலோ. ஆக, படகின் அமிழும் பகுதி நன்னீரில் சுமார் 200 லிட்டர் நீரை விலக்க வேண்டும். படகின் எடையைக் குறைத்துப் போடாதீர்கள். நம்மூரில் கிடைக்கும் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீட்டு மரைன் பிளைவுட் கனமானது. 4 மி.மீ. ஷீட் ஒன்றே 8 கிலோவை ஒட்டி வரும்.

படி 2: அளவுகள்

மொத்த நீளம் 4.7 மீட்டர், நீர்மட்ட நீளம் 4.5 மீட்டர், நீர்மட்ட அகலம் 74 செ.மீ., அமிழ்வு 13.5 செ.மீ. நடுவில் படகின் உயரம் 32 செ.மீ., மேல்விளிம்பில் அகலம் 82 செ.மீ.

குறுக்குவெட்டு எளிமையானது: இரண்டு அடித்தட்டு, இரண்டு பக்கத்தட்டு. அடித்தட்டுகள் நடுக்கோட்டிலிருந்து 7 டிகிரி மட்டுமே மேலேறி, 70 செ.மீ. அகலத்தில் பக்கத்தட்டைச் சந்திக்கின்றன. இதில் நீருக்குக் கீழே உள்ள நடுவெட்டுப் பரப்பு சுமார் 0.081 சதுர மீட்டர். அதை 4.5 ஆலும், முனைகள் மெலிவதற்காக 0.54 ஆலும் பெருக்கினால் 197 லிட்டர் வரும். தேவைக்கு 3 கிலோ குறைவுதான். இந்த அளவுப் படகு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ 22 கிலோ வேண்டும் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 3: நிலைத்தன்மையைக் கணக்கிடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மெட்டாசென்டர் என்ற புள்ளி படகின் எடைமையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, படகு அவ்வளவு உறுதியாக நிமிரும்.

மெட்டாசென்டரின் உயரம் இரண்டு உறுப்புகளின் கூட்டல். முதல் உறுப்புக்கு, நீர்மட்ட அகலத்தை மூன்று முறை பெருக்கி (கனம்), நீளத்தாலும் 0.04 ஆலும் பெருக்குங்கள். அதாவது 0.74³ × 4.5 × 0.04 = 0.073. இதை 0.2 கனமீட்டரால் வகுத்தால் 0.365 மீட்டர். இரண்டாவது உறுப்பு மிதப்பு மையம், அதாவது நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளி. அது அடியிலிருந்து சுமார் 8 செ.மீ. உயரத்தில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் மெட்டாசென்டர் அடியிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரத்தில் வருகிறது.

அமர்ந்திருப்பவரின் எடைமையம் இருக்கைக்கு மேல் ஏறத்தாழ 25 செ.மீ. இருக்கை 4 செ.மீ. உயரமென்றால், படகும் சாமானும் சேர்த்து மொத்த எடைமையம் 25 செ.மீ. வரும். மெட்டாசென்டருக்கும் இதற்கும் இடைவெளி 20 செ.மீ. புதியவர்கள் பதறாமல் உட்கார இது போதும்.

இப்போது வசதிக்காக இருக்கையை 10 செ.மீ. உயர்த்திப் பாருங்கள். இடைவெளி 12.5 ஆகச் சுருங்கிவிடும். இருக்கையைத் தொடாமல் நீர்மட்ட அகலத்தை 68 செ.மீ. ஆக்கினாலும் ஏறக்குறைய அதே இழப்புதான். அகலம் கணக்கில் கனமாக வருவதால், 8 சதவீதக் குறைப்பு முதல் உறுப்பில் 22 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. மேல்விளிம்பை மட்டும் அகலமாக்கி இதை ஈடுகட்ட முடியாது. அது படகு நன்றாகச் சாய்ந்த பிறகுதான் உதவும்.

படி 4: இருக்கைகளின் இடம்

இருக்கைகளுக்கிடையே 1.15 மீட்டர் விடுங்கள். அதைவிட நெருங்கினால், தாளம் தவறும்போது துடுப்புகள் மோதும். முன்னால் 60 கிலோ, பின்னால் 85 கிலோ என்றால் இருவரின் எடைமையம் நடுவிலிருந்து 10 செ.மீ. பின்னே போகும். எனவே இருக்கைகளை முன்பின் 15 செ.மீ. நகர்த்தும்படி பட்டையில் பொருத்துங்கள். தனியாகப் போகிறவர் பின்னிருக்கையில் உட்கார்ந்தால் முன்முனை தூக்கி, காற்று படகைத் திருப்பும். நடுவில் மூன்றாவது இருக்கைக்கும் பட்டை விடுங்கள்.

படி 5: மாதிரி

படகு வரையும் கணினி மென்பொருள்களான ஃப்ரீஷிப் அல்லது டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பில் வரைந்து, தட்டுகளைச் சமதளமாக விரித்தெடுங்கள். பிளைவுட் ஒரு திசையில்தான் வளையும், விரியாத வடிவை மரமும் ஏற்காது.

1:5 அளவில் கெட்டி அட்டையில் வெட்டி, டேப் ஒட்டி மிதக்கவிடுங்கள். ஆட்களுக்குப் பதில் 600 கிராம் மணல்பை இரண்டு, அவற்றின் மையம் அடியிலிருந்து 5.8 செ.மீ. உயரத்தில். மாதிரியின் எடையும் அடியில் வைக்கும் கற்களும் சேர்ந்து 400 கிராம். 2.7 செ.மீ. அமிழ வேண்டும். பிறகு, கற்களில் 160 கிராமை நடுவிலிருந்து 6 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். 8 அல்லது 9 டிகிரி சாய்ந்தால் சரி. 13ஐத் தாண்டினால் கணக்கில் எங்கோ பிழை; மரம் வாங்காதீர்கள்.

படி 6: கட்டுதல்

கம்பியால் தைத்து ஒட்டும் முறைதான் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. 1962-ல் வடிவமைக்கப்பட்ட மிரர் என்ற சிறு பாய்மரப் படகு, இதை இங்கிலாந்தின் வீட்டுக் கொட்டகைகளுக்குள் கொண்டுபோனது.

வேண்டியவை: 4 மி.மீ. ஷீட் நான்கு, எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) சுமார் 10 கிலோ, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர்கிளாஸ் துணி ஒரு மீட்டர் அகலத்தில் 8 மீட்டர், 75 மி.மீ. ஃபைபர்கிளாஸ் நாடா 20 மீட்டர், செம்புக் கம்பி.

ஷீட்டுகளை நீளவாக்கில் இணைக்க, முனைகளை 32 மி.மீ. நீளத்துக்குச் சரிவாக இழைத்து ஒட்டுங்கள். தட்டுகளை வெட்டி, விளிம்பிலிருந்து 8 மி.மீ. தள்ளி 12 செ.மீ.க்கு ஒரு துளையிட்டுக் கம்பியால் தையுங்கள். கம்பியை முறுக்கும் முன், குறுக்கே இரண்டு நேரான கட்டைகளை முன்னும் பின்னும் வைத்து ஒன்றின்மேல் ஒன்றைப் பாருங்கள். அவை இணையாக இல்லாவிட்டால் படகு முறுகியிருக்கிறது. அப்படியே ஒட்டிவிட்டால் என்றைக்கும் ஒரு பக்கமே இழுக்கும். திருத்துவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

உள்மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியை நிரப்பி, மேலே நாடா ஒட்டுங்கள். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, குச்சியைக் கவிழ்த்தாலும் விழாதபடி இருக்கட்டும். நம் வெயிலில் மெதுவாக இறுகும் ஹார்டனரே வாங்குங்கள். சிறிது சிறிதாகக் கலந்து உடனே அகலத் தட்டில் ஊற்றுங்கள். டம்ளரில் விட்டால் சூடேறிப் புகையும். துணி ஒட்டுவதை வெப்பம் இறங்கும் மாலையில் வையுங்கள். காலையில் ஒட்டினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து துணியடியில் குமிழாகும். இறுகியபின் மேலே பிசுக்கு படிந்தால் தண்ணீரும் நார்ப்பட்டையும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த பூச்சு.

துணி: வெளியே அடிப்பகுதி முழுவதும், பக்கத்தட்டில் 15 செ.மீ. வரை, உள்ளே கால் மிதிக்கும் தளம்.

படி 7: மிதப்பறைகள்

இரு முனைகளிலும் 90 செ.மீ. உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்து மேல்தட்டால் மூடுங்கள். ஒவ்வோர் அறையும் 40 லிட்டர் அளவில் வரும். வெயிலில் காற்று விரிந்து ஒட்டைப் பிளக்காதிருக்க, தடுப்பின் மேற்பகுதியில் 3 மி.மீ. துளை ஒன்று விடுங்கள்.

வெள்ளோட்டத்தை லைஃப் ஜாக்கெட்டோடு இடுப்பளவு நீரில் நடத்துங்கள். உட்காரும் பகுதியில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்புங்கள். இரு முனைகளும் சமமாக மேலே நிற்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஒரு முனை தாழ்ந்தால் அந்த அறையின் தடுப்பு ஒட்டில் கசிவு இருக்கிறது. காயவைத்து, உள்மூலையைத் தேய்த்து, இன்னொரு நாடா போடுங்கள்.