பிட்சர் பரிமாற்றத்தை எடைபோடுவது எப்படி: 1987 டெட்ராய்ட் கணக்கை வைத்து ஒரு பயிற்சி

பேஸ்பாலை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு, ஓர் அணி தன் இளம் வீரரைக் கொடுத்துவிட்டு வேறோர் அணியின் பிட்சரை, அதாவது பந்தெறிபவரை, வாங்கும்போது யாருக்கு லாபம் என்று கணிப்பது கடினமாகவே இருக்கும். பலரும் பத்து ஆண்டுகள் கழித்து, நடந்து முடிந்ததைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அது கணிப்பாகாது. பரிமாற்றம் நடந்த நாளில் தெரிந்திருந்ததை மட்டும் கொண்டு எடைபோடும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். 1987 ஆகஸ்ட் 12 அன்று நடந்த பரிமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அட்லாண்டா பிரேவ்ஸ் அணியிடமிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரைப் பெற்றுக்கொண்டு, மேஜர் லீக் என்னும் முதல்தரப் போட்டிக்குக் கீழுள்ள மைனர் லீகில் ஆடிக்கொண்டிருந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது.

முதல் படி: ஒரு தாளின் தலைப்பில் பரிமாற்றத் தேதியை எழுதி, கீழே வரவு, செலவு என்று இரண்டு பத்திகள் போடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த எதுவும் இந்தத் தாளில் ஏறக்கூடாது.

இரண்டாம் படி: வாங்கிய பிட்சர் எத்தனை ஆட்டங்களைத் தொடங்கி வைப்பார் என்று கணக்கிடுங்கள். ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். பொதுவாக ஐந்து பிட்சர்கள் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஆகஸ்ட் நடுவில் ஏறத்தாழ 50 ஆட்டங்கள் மிச்சமிருக்கும் என்பதால் ஒருவருக்குப் பத்து அல்லது பதினோரு முறை வாய்ப்புக் கிடைக்கும். ஆகவே வரவுப் பத்தியில் "அனுபவமிக்க பிட்சர்" என்று எழுதாமல் "11 ஆட்டங்கள்" என்று எழுதுங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் படி: ஒரு வெற்றிக்கு அந்த அணியிடம் என்ன மதிப்பு என்று பாருங்கள். பட்டியலின் அடியில் கிடக்கும் அணிக்குக் கூடுதலாக இரண்டு வெற்றி கிடைத்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. டெட்ராய்ட்டின் நிலைமை வேறு. அது டொராண்டோ புளூ ஜேஸ் அணியோடு முதலிடத்துக்கு நெருக்கமாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு லீகுக்கு இரண்டே பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்த அணி மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும், இரண்டாமிடம் பிடித்த அணி எத்தனை ஆட்டங்களை வென்றிருந்தாலும் வீட்டுக்குத்தான் போகவேண்டும். இன்று 12 அணிகள் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறுவதால், அதே இரண்டு வெற்றிகளுக்கு இன்றைக்கு அத்தனை விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

நான்காம் படி: எண்களை வயதோடு சேர்த்துப் படியுங்கள். இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். பிட்சர் விட்டுக்கொடுத்த ரன்களில் தடுப்பாளர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்து, மிச்சத்தை ஒன்பதால் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் இ.ஆர்.ஏ. கிடைக்கும், அது குறையக் குறைய நல்லது. அந்த ஆண்டு அட்லாண்டாவில் அலெக்சாண்டர் 5 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ. 4.13. வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அட்லாண்டா வலுவில்லாத அணி, அதன் மைதானமும் ஹோம் ரன்களுக்குப் பேர்போனது. ஸ்மோல்ட்ஸ் இரண்டாம் நிலை மைனர் லீகான டபுள் ஏ பிரிவில், கிளென்ஸ் ஃபால்ஸ் அணிக்காக 4 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ. 5.68. மேலோட்டமாகப் பார்த்தால், கொடுத்துவிட்டாலும் நட்டமில்லை என்றே தோன்றும். ஆனால் டபுள் ஏ ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூன்று, நான்கு வயது மூத்தவர்கள். தன்னைவிட மூத்த மட்டைக்காரர்களுக்கு எதிராக 20 வயதுப் பையன் தடுமாறுவது இயல்பு. 25 வயதுக்காரர் ஒருவர் அதே 5.68 வைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "வயது 20" என்று சிவப்பு மையில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கொடுக்கும் ஆண்டுகளை எண்ணுங்கள். மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடியும் வரை ஒரு வீரர் தன் விருப்பப்படி அணி மாற முடியாது. முதல் சில ஆண்டுகளில் சம்பளமும் குறைவு. எனவே ஓர் இளம் பிட்சரைக் கொடுப்பது ஆறு ஆண்டு உழைப்பைக் கொடுப்பதற்குச் சமம். இதைச் சரியாக எண்ணாததன் விளைவை 2018 ஜூலை 31 அன்று பிட்ஸ்பர்க் பைரட்ஸ் செய்த பரிமாற்றத்தில் காணலாம். கிறிஸ் ஆர்ச்சரை 2021 வரை குறைந்த செலவில் வைத்துக்கொள்ளலாம் என்று வரவுப் பத்தியைக் கவனமாக நிரப்பிய அந்த அணி, டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என மூன்று இளைஞர்களை டாம்பா பே அணிக்குக் கொடுத்தது. மூவரின் ஆண்டுகளையும் கூட்டியிருந்தால் செலவுப் பத்தி எங்கேயோ போயிருக்கும்.

ஆறாம் படி: கைக்கு வரும் ஆபத்தைக் கழியுங்கள். முழங்கைத் தசைநார் அறுந்தால் செய்யப்படும் டாமி ஜான் அறுவை சிகிச்சை 1974 முதல் நடைமுறையில் இருக்கிறது. செய்துகொண்டவர் மீண்டும் பந்தெறிய ஓராண்டுக்கு மேல் ஆகும். இளம் பிட்சருக்கும் இது நேரலாம் என்பதால் ஆறு ஆண்டுகளில் இரண்டை அடித்துவிட்டு நான்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஏழாம் படி: தாளைப் பார்த்து ஒரே வாக்கியத்தில் முடிவை எழுதுங்கள். டெட்ராய்ட்டின் தாளில் நான் எழுதுவது இது: "அலெக்சாண்டரை வாங்குவது சரி, ஆனால் 5.68 என்ற எண்ணை வயது பார்க்காமல் படித்ததால் விலை கூடிவிட்டது, வேறோர் இளைஞரைக் கொடுக்க முயன்றிருக்க வேண்டும்."

இதற்குப் பிறகுதான், நடந்து முடிந்ததை எழுதும் இரண்டாவது தாள். அலெக்சாண்டர் தொடங்கிய 11 ஆட்டங்களில் 9 வெற்றி, தோல்வியே இல்லை (மற்ற இரண்டின் முடிவு அவர் கணக்கில் சேரவில்லை), 88.1 இன்னிங்ஸில், அதாவது 88 இன்னிங்ஸும் மூன்றில் ஒரு பங்கும் வீசி, 15 ரன், இ.ஆர்.ஏ. 1.53. டெட்ராய்ட் 98 வெற்றிகளோடு டொராண்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தியது. அடுத்த சுற்றில் மினசோட்டா ட்வின்ஸிடம் அவர் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார், அணியும் வெளியேறியது. 1989 சீசனோடு அவர் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸ் 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார்; 2000ஆம் ஆண்டு முழுவதையும் டாமி ஜான் அறுவை சிகிச்சையால் இழந்த பிறகும் திரும்பி வந்து, 213 வெற்றிகள், 154 சேவ்களோடு (முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்) முடித்து, 2015இல் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். இந்தத் தாளை முதல் தாளுக்குப் பின்னால் குத்தி வையுங்கள். முதல் தாளில் எழுதிய வாக்கியத்தைத் திருத்தாதீர்கள்.