பில் நம்பர் 45474 எங்கிருந்து வந்தது?

பெயின்ட் கடைக்கு இரண்டு கணக்கு மென்பொருள்களை ட்ரையலில் போட்டுப் பார்த்தேன். பழைய நோட்டுக் கணக்கை ஸ்பிரெட்ஷீட்டில் அடித்து, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய டெக்ஸ்ட் கோப்பாக) ஏற்றியதும் கொள்முதல் பட்டியல் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு, அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலோடு, ஒத்துப்போகவில்லை. தொகை சரி, வரி சரி, ஆனாலும் சில பில்கள் 'பொருந்தவில்லை' என்றே வந்தன. சப்ளையர்களின் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்த்தேன், நிதியாண்டை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், எதுவும் உதவவில்லை. மூன்று நாள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன், ஒரே சப்ளையரின் முதல் 12 பில்கள் மட்டுமே இடிக்கின்றன. அவர் எண் போடும் முறை 1-24, 2-24. அதில் 7-24-ஐ ஸ்பிரெட்ஷீட் ஜூலை 2024 என்று தேதியாக எடுத்து, உள்ளே நாட்களின் எண்ணிக்கையாக 45474 என்று வைத்துக்கொள்கிறது. 13-ஆம் மாதம் கிடையாதே, அதனால் 13-24 அப்படியே தப்பிவிடும்!

பிறகு செல்லை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பயனில்லை, 45474-தான் நிற்கும். பில் எண் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டுத்தான் எண்களை அடிக்க வேண்டும். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறக்கவும் கூடாது, திரும்பவும் தேதியாகிவிடும். டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து அந்தப் பத்திக்கு டெக்ஸ்ட் என்று கொடுக்க வேண்டும். இப்படி ஏற்றியதும் எல்லா பில்லும் பொருந்தியது.

ஏற்றுவதற்கு முன் சிஎஸ்வியின் ஒவ்வொரு வரிசையையும் காட்டுகிற மென்பொருளையே வாங்கினேன். இன்னொன்றில் ரிப்போர்ட்கள் அழகுதான், ஆனால் முன்னோட்டம் இல்லை.