வீட்டிலேயே க்ரீம், சோப்பு, எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்துக்கோ முடிக்கோ எதைக் கலக்க உட்கார்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: தண்ணீர் சேர்கிறதா, இல்லையா? கற்றாழைச் சோறு, பன்னீர், பால், பழச்சாறு, மூலிகை கொதிக்கவைத்த நீர் எல்லாமே இந்தக் கணக்கில் தண்ணீர்தான். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த தைலத்தில் கிருமி வளர ஈரம் கிடையாது. அதனால் மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் சேர்ந்துவிட்டால் சில நாட்களிலேயே பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகத் தொடங்கிவிடும். பூஞ்சை பூப்பதும் வாடை மாறுவதும் கடைசியில்தான் தெரியும். அதற்கு வெகு முன்பே அந்த டப்பா கெட்டிருக்கும். மேலாகப் பூத்ததை வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பூசிக்கொள்ளவே கூடாது.

சமையல் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. சமைத்ததை அன்றே சாப்பிட்டுவிடுகிறோம். க்ரீமோ குளியலறைப் புழுக்கத்தில் வாரக்கணக்கில் கிடந்து, தினமும் விரல் பட்டு, அதன்பின் தோலில் ஏறுகிறது. கண்ணளவும் கைப்பக்குவமும் இதற்குப் போதாது.

விட்டமின் ஈ க்ரீமைக் காப்பாற்றாது

"விட்டமின் ஈ கேப்ஸ்யூல் ரெண்டு உடைத்து ஊற்றினால் கெடாது" என்று எழுதாத குறிப்பே இல்லை. விட்டமின் ஈயும் ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட்டும் செய்வது ஒரே வேலை: எண்ணெய் காற்றுப் பட்டு சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். கிருமியை அவை தொடுவதே இல்லை. டீ ட்ரீ ஆயில் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு லோஷன் முழுவதையும் காக்கும் அளவுக்கு ஊற்றினால் தோல் எரியும். தேனும் இதே கதை. கலக்காத தேன் கெடாது, தண்ணீர் விட்டு நீர்த்துப்போன தேன் கிருமிக்குத் தீனி. ஃப்ரிட்ஜ் கெடுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

தண்ணீர் உள்ள பொருளைப் பத்து நாளாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சரியான பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) போட்டே ஆகவேண்டும். ஃபீனாக்ஸி எத்தனால் கலவைகளை வழக்கமாக மொத்த எடையில் 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. "இயற்கை" என்ற பெயரில் அதிகம் விற்கும் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் ஜோடியைச் சுமார் 0.5 சதவீதமும் 0.3 சதவீதமுமாகச் சேர்ப்பார்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இவை அமில நிலையில் மட்டுமே கிருமியின் உள்ளே நுழையும். லோஷனின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 5க்குக் கீழே இருக்க வேண்டும். பிஎச் 6.5 இருக்கும் லோஷனில் அதே அளவு பென்சோயேட் போட்டாலும் போடாததற்குச் சமம். பிஎச் காகிதம் ஒரு கட்டு வாங்கிவையுங்கள். செய்து முடித்ததும் தொட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்கலாம்.

பிரிசர்வேட்டிவே வேண்டாம் என்றால் அதற்கும் நேர்மையான வழிகள் உண்டு. பொடியை உலர்வாக வைத்துக்கொண்டு பூசும்போது மட்டும் நீர் விட்டுக் குழைக்கலாம். எண்ணெய், மெழுகு மட்டும் உள்ள தைலமாகச் செய்துகொள்ளலாம். அல்லது ஓரிரு நாளுக்கு மட்டும் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடலாம்.

தண்ணீர் திருட்டுத்தனமாக நுழையும் இடங்களும் உண்டு. பச்சை இலையையோ பூவையோ எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் அதிலிருந்து கசியும் நீர் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒன்று, கையில் நொறுங்கும் அளவுக்குக் காயவைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சிறுதீயில் சடசடப்பு அடங்கி, குமிழி நின்று, இலை மொறுமொறுவென்று ஆகும்வரை காய்ச்ச வேண்டும். சடசடப்பு கேட்கிறது என்றாலே உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை ஸ்க்ரப்பில் ஈரக்கை விடுவதும், கழுவிய பாட்டிலைத் துடைத்துவிட்டு உடனே நிரப்புவதும் இதே தவறுதான். பாட்டிலையும் கரண்டியையும் கழுவி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து, தானாகக் காயவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது சட்டென்று ஆவியாகிவிடுவதால் கிருமியைக் கொல்ல நேரம் கிடைக்காது.

கற்றாழை பற்றி ஒரு வார்த்தை. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும். வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி வடியவிட்டு, கழுவி, பிறகு தோலைச் சீவிச் சோற்றை எடுக்க வேண்டும்.

ஸ்பூன் கணக்கை விடுங்கள்

எல்லாவற்றையும் கிராமில் எடை போடுங்கள், தண்ணீரைக்கூட. ஒரு கிராம் துல்லியம் உள்ள தராசு "1" என்று காட்டும்போது உண்மையில் அது 0.5 ஆகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 1.5 ஆகவும் இருக்கலாம். 100 கிராம் லோஷனில் பிரிசர்வேட்டிவ் 1 கிராம்தான் என்னும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று தேவை.

நறுமண எண்ணெய்களில் கை தாராளமாகப் போவது இன்னொரு வழக்கமான பிழை. முகத்துக்கு 0.5 முதல் 1 சதவீதம், உடம்புக்கு 2 சதவீதம் வரை போதும். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால், 30 மில்லி முக எண்ணெயில் 1 சதவீதம் என்பது 6 சொட்டுதான். சொட்டின் அளவு எண்ணெயின் அடர்த்திக்கும் பாட்டில் வாய்க்கும் ஏற்ப மாறும் என்பதால் இதிலும் எடைதான் நம்பகமானது. லவங்கப்பட்டை எண்ணெய் போன்றவற்றுக்கு அந்த 1 சதவீதமே பல மடங்கு அதிகம். அவற்றை முகத்துப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

எலுமிச்சை தனி ரகம். சாறு தடவிய தோலில் வெயில் பட்டால், சாறு வழிந்த கோட்டிலேயே சிவந்து கொப்புளம் எழும்பி, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். ஃபியூரோகுமரின் என்ற பொருளும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்யும் வேலை இது. அழுத்திப் பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களிலும் அது உண்டு. நிறம் வெளுக்கும் என்று சாற்றைத் தடவிக்கொண்டு வெளியே போனவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது புதிய கறுப்புத் தழும்புதான். அதோடு சாற்றின் பிஎச் 2ஐ ஒட்டியது, தோலின் மேற்பரப்போ 5க்குப் பக்கம்.

நறுமண எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பன்னீர் ஸ்ப்ரேயில் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினால் அரை நிமிடத்தில் மேலே வந்து மிதக்கும். அடுத்த அழுத்தலில் நீர்க்காத எண்ணெய் நேராகக் கண்ணருகே தெறிக்கும்.

தேன்மெழுகு நீரையும் எண்ணெயையும் சேர்க்காது

தேன்மெழுகு கெட்டிப்படுத்தும். அவ்வளவுதான். அதை உருக்கிப் பன்னீர் ஊற்றி அடித்தால் அன்றைக்கு க்ரீம் மாதிரி இருக்கும், சில நாளில் ஓரத்தில் நீர் கசியும். சேர்த்துப் பிடிக்க எமல்சிஃபையர் வேண்டும். வீட்டுக்கு எளிதானது எமல்சிஃபையிங் வாக்ஸ். எண்ணெயின் எடையில் கால் பங்கு என்பது தொடக்கத்துக்கு நல்ல கணக்கு.

100 கிராம் லோஷனுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: காய்ச்சி வடித்த நீர் 72 கிராம், கிளிசரின் 3, எண்ணெய் 18, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, பிரிசர்வேட்டிவ் 1, விட்டமின் ஈ 0.5, நறுமண எண்ணெய் 0.5. நீரும் கிளிசரினும் ஒரு பாத்திரத்தில், எண்ணெயும் வாக்ஸும் இன்னொன்றில். இரண்டையும் தனித்தனியாக 70 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். சூடான எண்ணெயில் குளிர்ந்த நீரை ஊற்றினால் மெழுகு உடனே உறைந்து திப்பி திப்பியாகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் சேராது. ஒன்றாக ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் அடித்து, ஆறும்வரை அவ்வப்போது கிளறிக்கொண்டே இருங்கள். கடைசி மூன்று பொருட்களும் 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வாசனை ஆவியாகிப் போகும், சில பிரிசர்வேட்டிவ்களும் வீணாகும்.

ஷியா பட்டர் (ஷியா கொட்டையின் கெட்டிக் கொழுப்பு) மணல்மணலாக இருந்தால் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம். மெதுவாக ஆறியதால் உள்ளே கொழுப்புத் தனித்தனியாக உறைந்திருக்கிறது. முழுவதும் உருக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் ஆறவையுங்கள்.

சோப்பு: எண்ணெயை மாற்றினால் கணக்கும் மாற வேண்டும்

காஸ்டிக் சோடா என்ற காரம் இல்லாமல் சோப்புக் கட்டி இல்லை. உருக்கி ஊற்றும் ரெடிமேட் சோப் பேஸிலும் காரம் ஏற்கெனவே வேலை செய்து முடித்திருக்கிறது. ஆபத்து சரியாகச் செய்த சோப்பில் இல்லை. கணக்குத் தவறிய சோப்பில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு கிராமுக்கு இவ்வளவு காஸ்டிக் சோடா என்று ஓர் எண் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் 300 கிராம், ஆலிவ் 600, விளக்கெண்ணெய் 100 என்றால் 54.9, 81, 12.8 சேர்ந்து 148.7 கிராம். சோப்பில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று 5 சதவீதம் குறைத்தால் சுமார் 141 கிராம். இதைக் கரைக்க 282 கிராம் தண்ணீர்.

இப்போது தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அந்த 300 கிராமுக்கும் ஆலிவையே ஊற்றிவிடலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். எண்ணெய் மொத்தம் அதே 1 கிலோதான். ஆனால் 900 கிராம் ஆலிவுக்கும் 100 கிராம் விளக்கெண்ணெய்க்கும் முழுக்க முழுக்கத் தேவைப்படுவதே 134.3 கிராம். ஏறக்குறைய 7 கிராம் காரம் எதோடும் சேராமல் கட்டிக்குள் நிற்கும். பார்க்க அழகான சோப்பாகவே இருக்கும், குளித்தால் தோல் பொசுங்கும். எத்தனை வாரம் ஆறவைத்தாலும் இது சரியாகும் என்று நம்பி உடம்பில் போடக்கூடாது.

மற்றவை சுருக்கமாக. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது: காரம் அதை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். எவர்சில்வர் சரி. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, திறந்த ஜன்னல் கட்டாயம். கையில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடி ஓடாமல் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். ஊற்றி வைத்த சோப்பை 4 முதல் 6 வாரம் காற்றோட்டத்தில் ஆறவிடுங்கள். காரம் ஓரிரு நாளிலேயே எண்ணெயோடு சேர்ந்து முடிந்துவிடும். மீதி வாரங்கள் நீர் வற்றிக் கட்டி இறுகுவதற்கு. இல்லையென்றால் நாலே குளியலில் கரைந்துபோகும்.

சோப்பின் பிஎச் 9, 10 என்றுதான் இருக்கும். எலுமிச்சையோ வினிகரோ விட்டு அதை 5க்குக் கொண்டுவர முடியாது. திரவ சோப்பில் வினிகர் கலந்து ஷாம்பு செய்யும் குறிப்பைச் செய்து பார்த்தால் தெரியும்: வெள்ளை வெள்ளையாகத் திரிந்து, பிசுக்கு மேலே மிதக்கும். அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பாகிவிடுகிறது. அந்தப் பிசுக்குத்தான் முடியில் ஒட்டும். சோப்பால் அலசியபின் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து தனியாக ஊற்றிக்கொண்டால் போதும்.

வீட்டில் முயல வேண்டாதவை

சன்ஸ்க்ரீன் முதலிடம். தேங்காய் எண்ணெய்க்கும் கேரட் விதை எண்ணெய்க்கும் இவ்வளவு எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) என்று சுற்றும் எண்களை நம்பி வெயிலில் இறங்காதீர்கள். சிங்க் ஆக்ஸைடு பொடியை க்ரீமில் கிளறினாலும் கண்ணுக்குத் தெரியாமல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, இடையிடையே காப்பே இல்லாத திட்டுகள் விழும். அது தெரியவருவது தோல் வெந்த பிறகுதான். கண்ணுக்குள் போகும் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். கிருமி புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. சமையல் சோடா நிறையப் போட்ட டியோடரண்ட்டும் அக்குளைப் புண்ணாக்கும்.

எதைச் செய்தாலும் முழங்கை உட்புறத்தில் ஒரு சிறு வட்டத்தில், அதே இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒரே முறை தடவி அரை மணி நேரம் காத்திருந்தால் ஒவ்வாமை தெரியாது, பல சமயம் அது இரண்டு மூன்று நாள் கழித்தே வெளியே வரும். டப்பாவில் செய்த தேதியும் சேர்த்த பொருட்களும் எடையோடு இருக்கட்டும். தடிப்பு வந்து தோல் மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.